குதிரைத்திறன் கடைசியில் வரட்டும்

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து நெடுஞ்சாலைகளில் அடிக்கடி ஒரு வண்டி கடந்து போகும். அதற்குக் கேபின் இருக்காது, கதவு இருக்காது, பின்னால் பாரப் பெட்டியும் இருக்காது. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், முன்னால் எஞ்சின், நடுவில் கியர் பாக்ஸ், கீழே சக்கரங்கள், அவ்வளவுதான். தற்காலிக இருக்கையில் தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்த ஓட்டுநர் வெயிலிலும் தூசியிலும் அதை ஓட்டிக்கொண்டு போவார். தொழிற்சாலையிலிருந்து பாடி கட்டும் பட்டறைக்குப் போகிற சேஸ் அது.

எஞ்சின், கியர், அச்சு என்று தொழிற்சாலை முடிவு செய்தவை எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் வண்டி எவ்வளவு சுமக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும், கொண்டை ஊசி வளைவில் சாயுமா நிற்குமா என்பதில் பெரும்பங்கு பட்டறையில்தான் முடிவாகிறது. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் முட்டைக்குப் பெயர் பெற்ற அளவுக்கு லாரி பாடி கட்டுவதற்கும் பெயர் பெற்றது. எரிவாயு டேங்கரும் டிரெய்லரும் இங்கே பிழைப்பு. பக்கத்துத் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர்.

இந்தக் கட்டுரை பெரிய லாரிகளைப் பற்றியதல்ல. ஒன்றேகால் டன், ஒன்றரை டன் சுமக்கும் பிக்கப் வண்டிகளைப் பற்றியது: மஹிந்திரா பொலேரோ பிக்கப், ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா யோதா போன்றவை. கோழிப் பண்ணைக்கும் சந்தைக்கும், மரவள்ளிக் காட்டுக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் இடையே ஓடுகிறவை இவைதான். இவற்றை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்பி, எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?" பாடியைப் பற்றிய பேச்சு கடைசியில், செலவுக் கணக்காக வரும். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பாரம், எந்தச் சாலை என்பது முதல் கேள்வி. அதற்கேற்ற பாடி இரண்டாவது. பிறகு கமான் பட்டையும் கியரும். எஞ்சின் கடைசியில் வரட்டும்.

முட்டையை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் 30 முட்டை. ஒரு முட்டை 55 கிராம் என்று வைத்தால், அட்டையின் எடையும் சேர்த்து ஏறக்குறைய 1.7 கிலோ. 1,300 கிலோ சுமக்க அனுமதியுள்ள வண்டியில் 750 அட்டைக்குச் சற்று மேல் ஏற்றலாம். அதாவது 22,000 முட்டைக்கு மேல். இரண்டரை மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் சுமார் 40 அடுக்குகள் நிற்கும். அடுக்குக்கு 19 அட்டை, உயரம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த உயரத்திலேயே எடை நிறைந்துவிட்டது. அதற்கு மேல் பாடியில் இடம் இருந்தால் அது மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாக மட்டுமே இருக்க வேண்டும், ஏற்றுவதற்கான அழைப்பாக இருக்கக் கூடாது.

இதே வண்டிக்கு ஆள் உயரத்தில் இரும்புத் தகட்டுப் பெட்டி கட்டுகிறார்கள் என்று வையுங்கள். பக்கம், முன் பின், கூரை எல்லாம் சேர்த்து 19 சதுர மீட்டர் தகடு வேண்டும். 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ. தகடு மட்டுமே 180 கிலோவைத் தொடும். அதைத் தாங்கும் சட்டம், கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவுக்குக் குறையாது. அந்த 300 கிலோ ஒவ்வொரு நடைக்கும் 5,000 முட்டையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் டீசல் குடிக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். விலை கூடுதல், வெல்டு வைக்கும் வேலையும் கடினம். ஆனாலும் தினமும் பாரம் நிறைய ஏற்றி ஓடுகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பி வரும். வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறவருக்குக் குழாய்ச் சட்டமும் நல்ல தார்ப்பாயும் போதும்.

உயிருள்ள கோழியை ஏற்றுகிறவருக்குக் கணக்கே வேறு. இரண்டு கிலோ எடையுள்ள கறிக்கோழி ஒன்று தன் உடலிலிருந்து விடும் வெப்பம் 10 வாட்டுக்குக் குறையாது. 400 கோழி ஏற்றினால் 4 கிலோவாட் வெப்பம் இரவும் பகலும் வண்டிக்குள் உற்பத்தியாகிறது. வண்டி ஓடும்போது காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். சுங்கச் சாவடி வரிசையில் நின்றுவிட்டால் அள்ளிப்போக ஆளில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடலைக் குளிரச் செய்யும். சித்திரை வெயிலில் சேலம் கொதிக்கும் நாட்களில் பக்கம் அடைத்த பாடியில் கோழி ஏற்றுவது கொலைக்குச் சமம். கம்பி வலைப் பாடி, அடுக்குகளுக்கு நடுவே காற்று போகச் சந்து, மேலே வெயிலை மறைக்கக் கூரை: இதற்கு மாற்று இல்லை. இரவில் ஓட்டுவதும் நிற்காமல் ஓட்டுவதும் அந்தப் பாடியின் ஒரு பகுதிதான் என்று சொல்வேன்.

உயரமான பாடியின் மற்றொரு விலை வளைவில் தெரியும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20. வளைவில் திரும்பும் வண்டியை வெளிப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சாயாமல் பிடித்து வைப்பது இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம். அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் தன் எடையில் எத்தனை பங்கு பக்கவிசையை வண்டி சாயாமல் தாங்கும் என்று தெரிந்துவிடும். சக்கர அகலம் 1.4 மீட்டர், பாரத்தோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் 1.1 மீட்டர் உயரத்தில் என்றால் விடை 0.64. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த எல்லை மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் வந்துவிடும். அதுவும் காகிதக் கணக்கு. உண்மையில் கமான் பட்டை ஒரு பக்கம் அமுங்கும், டயர் நசுங்கும், பாரம் நகரும். எல்லை இன்னும் கீழே இறங்கும். அதே எடையைத் தாழ்வாக ஏற்றி ஈர்ப்பு மையத்தை 15 சென்டிமீட்டர் இறக்கினால் எல்லை 30 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். ஓட்டுநரின் கண் தவறிய ஒரு கணத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர்தான்.

பின்பக்கம் நீட்டுவதும் அப்படித்தான். பின் அச்சுக்குப் பின்னால் பாடி எவ்வளவு நீளலாம் என்பதற்கு மோட்டார் வாகன விதிகள் அச்சுகளுக்கு இடையேயான தூரத்தில் 60 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அச்சுகளுக்கு இடையே மூன்று மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால் முன் சக்கரங்களிலிருந்து 100 கிலோ குறைகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டதே என்று ஓட்டுநர் மகிழக் கூடாது. லேசான முன் சக்கரம் திருப்பினாலும் திரும்பாது, பிரேக் போட்டாலும் பிடிக்காது.

வண்டி வாங்கியவுடன் கமான் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை போடச் சொல்கிற வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பாரம் ஏற்றினால் வண்டி தணியக் கூடாது என்பது காரணம். வண்டி தணிவதை அது தடுக்கும், பாரம் குறைவதில்லை. கூடிய எடை அப்படியே அச்சுக்கும் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் போகிறது, அவற்றில் எதையும் நாம் பெரிதாக்கவில்லை. சேஸ் சட்டமும் அப்படியே இருக்கிறது. முட்டைக்காரருக்கு இன்னொரு நட்டமும் உண்டு. கெட்டியான பட்டை சாலையின் ஒவ்வொரு குழியையும் அடியாக மேலே அனுப்பும். பண்ணைக்குப் போகும் மண்பாதையில் முட்டை விரிசல் விடுவது பெரும்பாலும் பாரம் குறைவாக இருக்கும் நடையில்தான், ஏனென்றால் அப்போது பட்டை வளைவதே இல்லை. குறைந்த எண்ணிக்கையில், நடுவில் தடித்து நுனியில் மெலியும் பாரபோலிக் பட்டைகள் இந்த வேலைக்கு நல்லவை. பட்டைக்குப் பட்டை உராய்வு குறைவு, அதிர்வும் குறைவு.

சேஸ் சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். பிக்கப்பின் சட்டம் வளைந்து முறுக்கிக் கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினால் சட்டம் கொஞ்சம் முறுக்கும், பிறகு திரும்பும். அதன் மேல் பாடியைக் கெட்டியாக ஒட்டவைத்தால் முறுக்கம் ஒரே இடத்தில் கூடி அங்கே விரிசல் விடும். அதனால்தான் நல்ல பட்டறைக்காரர் பாடிக்கென்று தனிச் சட்டம் வைத்து, நடுவில் மரமோ ரப்பரோ கொடுத்து, யு-போல்ட்டால் இறுக்குகிறார். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையும் போட மாட்டார், வெல்டும் வைக்க மாட்டார். இழுவிசையும் அழுத்தமும் மிகுதியாக இருப்பது அந்த விளிம்புகளில்தான். பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயின்டைப் பார்க்காமல் குனிந்து இதைப் பாருங்கள்.

இனி எஞ்சின். பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் தருவது சுமார் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 200 குதிரைத்திறனைத் தாண்டும். ஆனாலும் பாரம் சுமப்பதில் ஹைலக்ஸ் பொலேரோவை மிஞ்சுவதில்லை. அப்படியானால் 75 போதுமா?

பாரத்தோடு மூன்று டன் எடையுள்ள வண்டி 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் போகிறது. புவியீர்ப்பு பின்னோக்கி இழுப்பது சுமார் 2,000 நியூட்டன். டயர் உருள்வதற்கான தடை 350 நியூட்டன். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற 26 குதிரைத்திறன் போதும். மீதியெல்லாம் இன்னும் வேகமாக ஏறுவதற்கு. முதல் கியரும் கிரவுன் பினியனும் சேர்ந்து முறுக்குவிசையை 18 மடங்கு பெருக்குவதாக வைத்துக்கொண்டால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 9,500 நியூட்டன். ஈரமான தார்ச் சாலையில் பாரம் ஏற்றிய பின் சக்கரங்கள் வழுக்காமல் தாங்கக் கூடியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்கு மேல் எஞ்சினைப் பெரிதாக்கினால் முதல் கியரில் சக்கரம் சுழலும், வண்டி ஏறாது.

ஆகவே ஏற்றத்துக்கு வேண்டியது பெரிய எஞ்சின் அல்ல, கியர் விகிதம். அதோடு, அந்த 200 நியூட்டன் மீட்டர் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதும். 1,400 சுற்றிலிருந்து 2,200 சுற்று வரை சமமாக இழுக்கும் டீசல் எஞ்சின், கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்தாலும் திணறாது. டர்போ இருப்பதால் கொல்லிமலை உச்சியில் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கூடுதல் குதிரைத்திறன் உதவுவது சமவெளியில், நான்குவழிச் சாலையில். அங்கேயும் பாடிதான் குறுக்கே நிற்கிறது: காற்றின் தடையை வெல்ல வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆள் உயரப் பெட்டி கட்டிய வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டுமே 20 குதிரைத்திறனைச் செலவிடும். 60 கிலோமீட்டரில் ஓட்டினால் அது சுமார் 8 ஆகிவிடும். மைலேஜ் வேண்டும் என்கிறவர் எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை. பெட்டியின் உயரத்தையும் வலது காலையும் இறக்கினால் போதும்.

புகைக் கட்டுப்பாட்டு விதியும் எஞ்சின் தேர்வில் நுழைந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அது கொஞ்ச நேரம் விடாமல் நெடுஞ்சாலையில் ஓடினால்தான் கிடைக்கும். பண்ணைக்குப் பண்ணை நான்கைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட குறுநடை வேலைக்கு மின்சார வண்டி அல்லது சிஎன்ஜி வண்டியே பொருத்தம். நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்குப் போகும் நீள்நடைக்கு டீசல்.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா என்று கேட்பவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். பாரம் ஏற்றிய பிக்கப்பில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரங்களில் இருக்கும், இழுப்பதும் அவைதான். எடை இருக்கும் இடத்தில் பிடிமானமும் இருக்கிறது. வெறும் வண்டியில் பின் சக்கரங்களுக்கு வருவது பாதியைவிடக் குறைவு. ஆகவே ஐப்பசி மழையில் சேறான காட்டுப்பாதையில் பாரத்தோடு போன வண்டி, இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே இடத்தில் சிக்கிக்கொள்ளும். எஞ்சின் பற்றாமல் அல்ல, பின் சக்கரத்தின் மேல் எடை பற்றாமல். தினமும் மலைத் தோட்டங்களுக்குள் போகிறவருக்கு இசுஸு வி-கிராஸ், ஹைலக்ஸ், நான்கு சக்கர இழுவையுள்ள பொலேரோ ஆகியவை தகும். சமவெளிக்காரர் அந்தக் கூடுதல் எடையையும் பராமரிப்பையும் ஆண்டு முழுதும் சுமப்பது வீண். பின் அச்சின் மேல் நான்கு மூட்டை மணல் வைத்துத் திரும்புவது மலிவான வழி.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இறங்குவதைப் பற்றிப் பேசுவதில்லை. உயிர் போவது இறக்கத்தில்தான். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இதற்குச் சாட்சி. மூன்று டன் வண்டி கொல்லிமலையிலிருந்து ஆயிரம் மீட்டர் இறங்கும்போது இழக்கும் ஆற்றல் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதில் ஒரு பகுதி டயரிலும் காற்றிலும் கழியும். மீதியை எஞ்சின் தடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். சூடேறிய பிரேக் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். மிதித்த கால் தரை வரை போகும், வண்டி நிற்காது.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அந்தக் கணக்கே தவறு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், டீசல் செல்லாது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் வேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது சரியான இயற்பியல்.

இனி வண்டியிலேயே தங்குகிறவர்கள். அமெரிக்காவில் நடுத்தர பிக்கப்பின் முதுகில் கண்ணாடியிழைக் கூடு பொருத்தி, உள்ளே படுக்கை போட்டு ஊர் சுற்றுகிறார்கள். இங்கே வண்டியில் வாழ்கிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. திருச்செங்கோட்டிலிருந்து வெளிமாநிலங்களுக்குப் போகும் ரிக் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வண்டியோடு தங்குகிறார்கள். சமையலும் தூக்கமும் வண்டி நிழலில். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் தயாரானவற்றுக்கு வந்திருக்கிறது. பிக்கப் அதற்குள் வராது. ஆட்களையும் கருவியையும் சேர்த்துக் கொண்டுபோக பொலேரோ கேம்பர் போன்ற இரட்டைக் கேபின் வண்டி இருக்கும்போது, சரக்குப் பெட்டிக்குள் ஆளை உட்கார வைப்பதற்கு நியாயமே இல்லை. பின்னால் கூடு கட்டிப் படுக்கை போட நினைக்கிறவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழுக்கு மாறாக வண்டியை மாற்றினால் விபத்தின்போது காப்பீடும் கேள்விக்குள்ளாகும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடி கட்டி முடிந்த அன்றே, முதல் பாரம் ஏற்றும் முன், வெறும் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். முழு வண்டியின் எடை, முன் அச்சின் எடை, பின் அச்சின் எடை என மூன்றையும் தனித்தனியே வாங்குங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து முழு வண்டியின் எடையையும், கேபினில் உட்காருகிறவர்களின் எடையையும் கழித்தால் வருவதுதான் உங்கள் வண்டி உண்மையில் சுமக்கக் கூடியது. விற்பனையாளர் சொன்ன எண்ணை மறந்துவிட்டு, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி கேபினுக்குள் எழுதி வையுங்கள்.